வெந்நீர் விடுதியும் விருந்தும்

ஜப்பான் தேசம் எரிமலைகள் மலிந்த தேசம். இன்றும் உயிருள்ளனவாக எண்ணப்படும் எரிமலைகள் அந்நாட்டில் 111 உள. மலைமேற் பெய்யும் மழையும் பனியும் பாறைப் பிளவுகளின் வழியே கீழிறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தாற் காய்ந்து, கந்தகம், இரும்பு, உப்பு முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலெழுகின்றன. இவ்வாறு எழும் நீரை அந்நாட்டார் 'ஒன்சென்' என்பர். எந்நீரை ஒன்சென் எனலாம் என்பதை வரையறுக்க 1948-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே செய்தனர். நிலத்தினின்றும் வெளிப்படும்போது சென்டிகிரேடு அளவையில் 25 பாகை வெப்பமேனும் இருத்தல் வேண்டும். அன்றேல், சட்டத்தில் எண்ணப்பட்ட 19 பொருள்களுள் ஒன்றேனும் விதித்த அளவிற் கலந்திருத்தல் வேண்டும். இத்தகைய ஊற்றுகள் ஏறத்தாழ 27,000 அங்கு உள்ளன. அவற்றை அடுத்துத் தங்குமிடங்களோடு கூடிய ஊர்கள் மூவாயிரத்தை நெருங்கும்.

இவ்வூர்களுள் மலையிடைப்பட்டவற்றிற் காணப்படும் பழைய முறை விடுதியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். அதன் பெயர் 'ரியோகான்' என்பது. யமனாஷி மாகாணத்தில் நிஷியாமா என்னும் மலைப்பள்ளத்தாக்கில் உள்ள விடுதியொன்று கி.பி. 705-இல் தொடங்கியதென்பர்; உலகின் மிகப் பழைய விடுதி என்று 2011-இல் கின்னஸ் புத்தகத்தார் அதனைப் பதிந்தனர். ஆயினும் அதன் பழமையினும் அவ்விடுதிகளின் விருந்தோம்பும் முறையே நம் கருத்துக்கு உரியது. தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியனார் புதுமுறை யாப்பினாற் செய்யப்படும் நூலுக்கும் விருந்து என்றே பெயர் கொடுத்தார். ஆதலின் உற்றாரும் நண்பரும் வருவதினும், முன்பின் அறியாதார் ஒருவர் வருவதே அச்சொல்லுக்கு நேரிய பொருளாகும். அறியாதவர் ஒருவரை ஒரு வீடு எவ்வாறு ஏற்கிறது என்பதற்கு ரியோகான் நல்லதொரு பாடம். எவரை ஏற்க மறுத்தது என்பதும் அப்பாடத்தின் பகுதியே.

முதற்கண் ஏற்கும் முறையைக் காண்போம். விடுதியிற் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஐந்து ஆறு மணிக்குள் வந்து சேர்தல் வழக்கம். இரவுண்டி குறித்த நேரத்தில் ஆக்கப்படுவதால், நேரந்தாழ்த்து வருதல் அங்குப் பெருங்குறை. வாயிலில் 'கென்கான்' என்னும் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அதுவரை தெரு, அதற்கு மேல் வீடு. வந்தவர் அவ்விடத்திற் காலணியைக் களைந்து படியேறுவார். பணியாளர் அவற்றை எடுத்து வைத்து, மறுநாட் புறப்படும் வேளையில், அணிதற்கு ஏற்ப வாயிலை நோக்கி வைத்திருப்பர். காலணி கழற்றி வீட்டினுட் புகுவது நமக்குப் புதிதன்று. மேனாட்டார்க்கே அது பெரும் வியப்பாக இருந்து வந்திருக்கிறது.

விடுதித் தலைவியை 'ஒகாமி' என்பர். மகளாகவோ மருமகளாகவோ அக்குடும்பத்தைச் சார்ந்த பெண்ணே பெரும்பாலும் இப்பொறுப்பினை ஏற்பாள். வருவோரை வாயிலில் நின்று வணங்கி எதிர்கொள்ளுதலும், போவாரை வழியனுப்புதலும் அவள் கடமை. அறைதோறும் உணவு கொணர்வதும், படுக்கை விரிப்பதும், வேண்டுவன கேட்பதும் 'நகாய்' எனப்படும் பணிப்பெண்ணின் கடமை. அறையிலே நாற்காலியும் கட்டிலும் இரா. வைக்கோலை இறுகத் தைத்து அதன்மேற் கோரைப்பாய் போர்த்த 'தாதாமி' என்னும் தடித்த பாய்களே தரை. ஒரு புறத்துச் சுவரிற் சற்றே உயர்ந்த மாடம் ஒன்று அமைந்திருக்கும். அதிலே தொங்கும் ஓவியம் ஒன்று, மலர்க்குவளை ஒன்று. அவ்வளவே அறையின் அணி. அம்மாடத்தை அடுத்த இடமே தலைமை இருக்கை. விருந்தினருள் மூத்தாரை அங்கு அமர்த்துவர். தாழ்ந்த மேசைமீது தேநீரும் சிறிய இனிப்புப் பண்டமும் காத்திருக்கும். பசித்த வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் மயக்கம் வரும் என்பதால் இவ்வினிப்பு வைக்கப்படுகிறது என்று விளக்கம் கூறுவர்.

விடுதியார் கொடுக்கும் 'யுகாதா' என்னும் பருத்தி அங்கியை அணிந்து கொண்டபின், பெரியாரும் சிறியாரும், செல்வரும் அல்லாதாரும் ஒரே உடையினர் ஆகிவிடுவர். அதனை அணியும்போது இடப்புற மடிப்பு மேலே வருதல் வேண்டும். வலப்புறத்தை மேலே மடிப்பது இறந்தார்க்கு உடுத்தும் முறை. அறியாது அவ்வாறு உடுத்த அயல்நாட்டாரைக் கண்டால் நகாய் மெல்ல வந்து திருத்துவாள்.

நீராடுதலே அவ்விடுதியின் உயிர். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி நீராடு கூடங்கள் உள. வாயிலில் தொங்கும் துணித்திரையின் நிறத்தாலும் எழுத்தாலும் அவற்றை அறியலாம். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையே திரைகளை மாற்றிவிடுவர். இருபாலாரும் இரண்டு கூடங்களின் காட்சியையும் பெறவேண்டும் என்பது கருத்து. உடையனைத்தும் களைந்தே உட்புகுதல் வேண்டும். குளத்தில் இறங்குமுன் ஒரு சிறு முக்காலியில் அமர்ந்து, சவர்க்காரமிட்டு உடல் முழுதும் கழுவி, நுரை சிறிதுமின்றி அலசிக் கொள்வர். பலர் புகும் நீராதலின் அதிலே அழுக்கும் சவர்க்காரமும் சேரலாகாது, துண்டும் நனையலாகாது, துண்டினை மடித்துத் தலைமேல் வைத்துக் கொள்வாரும் உளர். எனவே குளத்து நீர் உடலைத் தூய்மை செய்தற்கு அன்று. தூய்மை செய்த உடலை நெகிழ்வித்தற்கே. நீர் பெரும்பாலும் 40 முதல் 42 பாகை வரை வெப்பமாயிருக்கும். மலைவிடுதிகளில் வானமே கூரையாக, ஆற்றங்கரைப் பாறைகளிடையே அமைந்த குளங்களும் உண்டு. கழுத்தளவு வெந்நீரிலும், தலைமேல் பனி பெய்யவும் இருக்கும் இன்பத்தை அந்நாட்டார் பெரிதும் போற்றுவர்.

உணவைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவேன். மலையாற்று மீனை உப்புத் தடவிக் கோலிற் கோத்துச் சுட்டது, காட்டுக்கீரை, காளான், சோயாப் பயற்றுக் கட்டி, ஊறுகாய் எனச் சிறு சிறு கலங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவ்வப் பருவத்தில் அவ்வவ்விடத்துக் கிடைப்பதே சிறப்பு. சோறு இறுதியிலேயே வரும். இலையிற் சோற்றை இட்டே உணவைத் தொடங்கும் நமக்கு இது விந்தையே. உண்டு முடித்து மீண்டும் ஒருமுறை நீராடி வருவதற்குள், மேசை ஒதுங்கி, மெத்தைகள் தரையில் விரிந்து, உண்ட அறையே உறங்கும் அறையாகி நிற்கும். மறுநாட் காலை பத்து மணியளவிற் புறப்படுகையில் ஒகாமியும் பணியாளரும் வாயிலில் நிரையாக நின்று, வண்டி மறையும் வரையில் வணங்கியும் கையசைத்தும் நிற்பர்.

ஈண்டு ஒரு தடை எழும். இவை யாவும் பொருளுக்குச் செய்வன அன்றோ? இரவுண்டியும் காலையுண்டியும் சேர்த்து, அறைக்கு இவ்வளவென்னாது தலைக்கு இவ்வளவென்று கணக்கிட்டு வாங்குகின்றனர். அன்றியும் ஊர் மன்றத்தார் வெந்நீருக்கென்று தலைக்குப் பெரும்பாலும் 150 யென் வரியும் தண்டுகின்றனர். விலைக்கு விற்பதை விருந்து என்னலாமோ? நம் மறையில் வரும் நல்ல சமாரியன் வரலாற்றை நினைத்தால் இத்தடைக்கு ஒருவாறு விடை கிடைக்கும் என்று எண்ணுகின்றேன். அடிபட்டவனைச் சமாரியன் சத்திரத்திற் கொண்டுபோய் விட்டு, இரண்டு பணம் கொடுத்துச் சென்றான். பிரசங்கங்களிற் சமாரியனைப் பற்றிக் கேட்டிருக்கின்றோமேயன்றிச் சத்திரக்காரனைப் பற்றிக் கேட்டதில்லை. அவன் கூலி பெற்றே காத்தான். ஆயினும் குருதி சோர வந்தவனை, இவன் யாவன், எக்குலத்தான், என் ஏனைய விருந்தினர் முகஞ்சுளிப்பரோ என்று கேட்டு வாயிலில் நிறுத்தியதாக அவ்வரலாற்றில் இல்லை. பொருள் பெறுவதால் விருந்தின் பெருமை முற்றும் கெடுவதன்று. வந்தவரைத் தெரிந்தெடுக்கத் தொடங்குமிடத்திலேயே அது கெடுகின்றது. இதனை ஜப்பானிய வெந்நீரூர் ஒன்றன் வரலாறே காட்டும்.

அவ்வூர் குசாட்சு என்பது. கும்மா மாகாணத்தில் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், எரிமலை ஒன்றன் சாரலில் உள்ளது. ஊர் நடுவே 'யுபதாகே' என்னும் ஊற்றிடம் உண்டு. வெந்நீர் வயல் என்பது அப்பெயரின் பொருள். கொதித்தெழும் நீர் நீண்ட மரக்கால்களின் வழியே ஓடி ஆறுகின்றது. அக்கால்களிற் படியும் கந்தகத்தைச் சுரண்டி எடுத்து விற்பர். அந்நீர் கடும் புளிப்புத் தன்மையது. இரும்பாணியை இட்டால் சில நாள்களில் அரித்து மெலிவித்துவிடும். அது சென்று கலக்கும் ஆற்றில் மீன்கள் வாழவில்லை. 1964 முதல் சுண்ணாம்புக் குழம்பை ஆற்றில் ஊற்றியே அப்புளிப்பை மாற்றி வருகின்றனர். தண்ணீர் கலந்தால் மருந்தின் வலி குன்றும் என்று கருதி, ஆளுயரப் பலகைகளால் நீரைத் துழாவியே ஆற்றுவது அவ்வூர் மரபு. அதன்பின் முப்பது முறை தலையில் மொண்டு ஊற்றிக்கொண்டு, 48 பாகை அளவான நீரில், தலைவர் ஒருவர் கட்டளையிட அனைவரும் ஒருங்கே இறங்கி மூன்று நிமிடம் அசையாதிருந்து ஒருங்கே எழுவது நெடுங்காலம் அங்கு வழக்கமாயிருந்தது. நீராட்டைத் தவமாகச் செய்தனர் என்றே சொல்லலாம்.

இன்பத்துக்காக ஓரிரவு தங்குதல் பிற்கால வழக்கம். முற்காலத்தில் வெந்நீருக்குச் சென்றார் பிணி தீர்தற்கே சென்றனர். உழவர்கள் அறுவடை முடிந்தபின் அரிசியும் பயற்றுக் குழம்புக் கட்டியும் சுமந்து சென்று, தாமே சமைத்துண்டு, ஏழு நாளை ஒரு சுற்றாகக் கொண்டு இரண்டு மூன்று சுற்றுகள் தங்கி நீராடுவர். வடபுலத்து அவோமோரி மலைகளிற் சுகாயு முதலிய இடங்களில் இவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. தோற்பிணிக்குக் குசாட்சு நீர் நன்றென்னும் புகழ் பரவியிருந்தது. ஆகவே தொழுநோயாளரும் அங்கு வந்தனர். ஊரார் வெறுத்தொதுக்க வீட்டைவிட்டு வெளிப்பட்டவர்க்குச் செல்லுதற்கு வேறிடமும் இல்லை. ஏனையோர் தங்கிய விடுதிகளிலேயே அவர்களும் தங்கினர். ஒரே ஊற்றின் நீரில் நீராடினர்.

1869-இல் ஊர் தீப்பற்றி எரிந்தது. மீண்டும் கட்டியெழுப்பியபோது விடுதிகள் பெரியவாயின; செல்வர் வரவை நாடின. ஜெர்மானிய மருத்துவராகிய எர்வின் பேல்ஸ் என்பார் குசாட்சுவின் காற்றையும் நீரையும் புகழ்ந்தெழுத, அதன் பெயர் மேனாடுகளிலும் பரவிற்று. 1887-இல் தொழுநோயாளரை ஊர் நடுவினின்றும் விலக்கி, கீழ்ப்புறத்துப் பள்ளமான யுனோசாவா என்னுமிடத்தில் இருத்தினர். நீரை மறுக்கவில்லை, வீட்டையே மறுத்தனர். ஆயினும் அப்பள்ளத்திலே வியப்புக்குரிய ஒன்று நிகழ்ந்தது. நோயாளரே அங்கு விடுதிகள் நடத்தினர், கடைகள் வைத்தனர், மணஞ்செய்து மக்களைப் பெற்றனர், தம் ஊர்க் காரியங்களைத் தாமே கவனித்தனர். மேலூரில் இடம் பெறாதார் கீழூரில் ஒருவர்க்கொருவர் விருந்தோம்பினர். நாட்டில் வேறெங்கும் அந்நோயாளர்க்கு இத்தகைய உரிமை வாழ்வு எளிதிற் கிட்டியதில்லை.

அவ்விடத்திற்கு 1916-ஆம் ஆண்டில் மேரி ஹெலனா கார்ன்வால் லீ என்னும் ஆங்கிலேய மாது வந்து குடிபுகுந்தார். 1857-இற் பிறந்து, 1907-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஊழியராக ஜப்பானுக்கு வந்தவர். குசாட்சுவை அடைந்தபோது அறுபதை அணுகியிருந்தார். தம் சொந்தப் பொருளையும் கொண்டு ஆலயமும், மருத்துவமனையும், நோயாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளியும், ஆதரவற்றார்க்கு இல்லங்களும் அமைத்தார். புனித பர்னபா பெயரால் அவ்வூழியம் நடந்தது. அங்கிருந்தார் அவரைத் தாய் என்றே அழைத்தனர். மருந்தில்லாக் காலம் அது. நோய் நீங்கும் என்று சொல்ல அவரால் இயலாது. அவர் அளித்தது வீடு ஒன்றே.

அவ்வீடும் நிலைக்கவில்லை. 1931-இல் அரசாங்கத்தார் தொழுநோயாளர் அனைவரையும் வலிந்து பிரித்து அடைக்கும் வண்ணம் சட்டத்தைக் கடுமையாக்கினர். 1932-இல் குசாட்சுவுக்கு அண்மையிலேயே 'குரியூ ராகுசென்' என்னும் அரசாங்க நோயில்லம் திறக்கப்பட்டது. 1941-இல் யுனோசாவா கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லீ அம்மையாரும் காலஞ்சென்றார். அந்நோயில்லத்தில், கட்டளை மீறினார் எனப்பட்டவரை அடைத்தற்குத் 'தனி நோயறை' என்ற பெயரோடு ஒரு சிறைக்கூடம் 1938 முதல் 1947 வரை இருந்தது. நாடெங்கிலுமுள்ள நோயில்லங்களிலிருந்து அங்குக் கொணரப்பட்டோர் 93 பேர். அவர்களுள் 23 பேர் இறந்தனர். பனிக்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே குளிரும் அம்மலையில் அக்கூடத்திற்குக் கணப்பு இல்லை. உலகெங்கும் உடல் காய்ச்சிக்கொள்ள மாந்தர் தேடிவரும் வெந்நீர், கூப்பிடு தொலைவன்றாயினும் ஒரு நடைத் தொலைவில், ஓடிக்கொண்டே இருந்தது.

பின்னர் மருந்து வந்தது. தொழுநோய் எளிதிற் பற்றுவதன்று என்பதும், மருந்தால் முற்றும் தீர்வதென்பதும் உலகறிந்த செய்தியாயின. எனினும் ஜப்பானில் பிரித்து வைக்கும் சட்டம் 1953-இற் புதுப்பிக்கப்பட்டு, 1996 வரை நீக்கப்படாதிருந்தது. 2001-இல் குமாமோட்டோ நீதிமன்றத்தார் அச்சட்டம் அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தனர். அரசாங்கத்தார் மேல்முறையீடு செய்யாது அதனை ஏற்றனர். ஆகவே விடுதிகளின் கதவும் திறந்தது என்று கருதத் தோன்றும்.

தெற்கே கியூஷூ தீவில், அக்குமாமோட்டோ மாகாணத்து மலைகளிடையே, குரோகாவா என்னும் வெந்நீரூர் உள்ளது. ஏறத்தாழ முப்பது விடுதிகள் கொண்ட சிற்றூர். 1986 முதல் அங்கு ஒரு நல்வழக்கம் நிலவுகின்றது. மரவட்டில் ஒன்றை விலைக்கு வாங்கினால், எவ்விடுதியில் தங்கினவரும் தாம் விரும்பும் மூன்று விடுதிகளின் திறந்தவெளிக் குளங்களில் நீராடலாம். ஊர் முழுதும் ஒரே விடுதி, தெருக்களே அதன் தாழ்வாரங்கள் என்பது அவர்கள் கொள்கை. விருந்தைப் பற்றி எழுதுவார்க்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அவ்வூரிலேயே 2003-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு விடுதியார், கிகுச்சி கெய்ஃபூ என்னும் நோயில்லத்திலிருந்து உலாவரவிருந்த ஒரு குழுவினர்க்கு இடம் மறுத்தனர். நோய் தீர்ந்து நெடுங்காலமான முதியோர் அவர்; மாகாண அரசாங்கமே அவர்க்காக இடம் பதிந்திருந்தது. பிற விருந்தினர்க்குத் தொல்லையாகும் என்பதே விடுதியார் கூறிய காரணம். விடுதித் தொழிற் சட்டம் குறித்த காரணங்களின்றி எவர்க்கும் இடம் மறுத்தலாகாது என்கிறது. மாகாண ஆளுநர் செய்தியை வெளியிட்டார். விடுதியார் மன்னிப்புக் கேட்டுச் சென்றபோது, அது உளமார்ந்ததன்றென்று முதியோர் ஏற்க மறுத்தனர். அதன்பின் நிகழ்ந்ததே நெஞ்சைச் சுடுவது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அம்முதியோரை இழித்தும் பழித்தும் கடிதங்களும் தொலைபேசிச் சொற்களும் வந்து குவிந்தன. பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர், ஓரிரவு வெந்நீரில் நீராட விரும்பியதற்குப் பெற்றது இது. 2004-இல் அரசாங்கத்தார் அவ்விடுதியைச் சில நாள் தொழில் நிறுத்தும்படி தண்டித்தனர். அவ்வாண்டிலேயே அது மூடப்பட்டது.

பெருந்தொற்று நோய் உலகைச் சூழ்ந்த பின்னர், விடுதியார் நோயுற்றாரை மறுக்கும் உரிமையை விரிவாக்கல் வேண்டும் என்னும் பேச்சு ஜப்பானில் எழுந்தது. தொழுநோயினின்றும் நீங்கினோர் சார்பில் அதற்கு எதிர்ப்பு வந்தது; குரோகாவாவில் நிகழ்ந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். நெடிய வாதத்தின்பின் 2023 டிசம்பரில் திருத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறித்த சில கொடிய தொற்றுநோய்கள் தவிர, பிணியைக் காரணமாகக் காட்டி ஒருவரை வாயிலில் திருப்பியனுப்ப அதில் இடமில்லை.

குசாட்சுவிற் புனித பர்னபா ஆலயம் இன்றும் இருக்கிறது. அதனை அடுத்து லீ அம்மையாரின் நினைவு இல்லம் உள்ளது. 'லீ அன்னை' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர். வெந்நீர் வயலைக் காணவரும் பயணிகள் அங்கும் சென்று வரலாம்.